மீட்டர் தணித்த தீ

"கடுகு வெடிக்கறதே இல்லீங்க. எண்ணெய்ல ஊறுது" என்றாள் துளசிமணி.

வான்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத்தக் குறைவைப் பற்றி எத்தனையோ பேர் எப்படியெப்படியோ புகார் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

கோவைக்கு மேற்கே, மலை தெரிகிற அந்தக் குடியிருப்பில் குழாய் எரிவாயு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சிலிண்டரைத் தோளில் தூக்கி வருகிற ஆளைப் பார்த்தே இராத பிள்ளைகள் அங்கே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வான்மதி எரிவாயு நிறுவனத்தில் விநியோகப் பொறியாளர். அடுப்பு சரியாக எரியவில்லை என்பது போன்ற புகார்களுக்கு அவள் நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் வந்து, பர்னர்களைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போயும் தீ பெரிதாகவில்லை. மறுபடியும் புகார் வந்தபோது, தானே பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தாள்.

துளசிமணிக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுத்துவந்தாள். சமையலறை மேடையில் டிபன் கேரியர்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கணவர் சென்னியப்பன், பஞ்சாலை ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தேய்த்த வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், வான்மதி உள்ளே வந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"மூணு பர்னருமே இப்படித்தானாம்மா, இல்ல ஒண்ணு மட்டுமா?" என்று வான்மதி கேட்டாள்.

"மூணுந்தானுங்க."

"எந்நேரமுமா? இல்ல, எல்லா வீட்டுலயும் சமைக்கற காலைநேரத்துல மட்டும் குறையுதா?"

"காலைல, மத்தியானம், பொழுதோட, எப்பவும் இதே கதைதான். கார்த்திகை வெளக்காட்டம் மினுக்குது. பக்கத்து ஊட்டுல பாத்தா ஜெகஜ்ஜோதியா எரியுதுங்க. நானே ஒருக்கா அங்க போய் ரசம் வெச்சுட்டு வந்தேன்."

"ஐயா, உங்களுக்குக் குளிக்கத் தண்ணி சுடவெக்கறதும் இதே கேஸ்லதானா?"

"அது கரண்டுங்க" என்று துளசிமணி சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். சென்னியப்பன் தலையாட்டினார். கணவனுக்கும் சேர்த்துப் பேசுகிற பெண்களை வான்மதி நிறையப் பார்த்திருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் எங்கும் மடங்கவில்லை. சுவரில் இருந்த வால்வு முழுசாகத் திறந்திருந்தது. பையிலிருந்து வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தாள். இரண்டு கால்களிலும் சிவப்புத் தண்ணீர் பாதியளவு நின்றது. அதன் ஒரு முனையை எரிவாயுக் குழாயோடு இணைத்ததும் தண்ணீர் ஒரு காலில் இறங்கி இன்னொன்றில் ஏறி நின்றது.

"இப்ப சரியாத்தான் இருக்குது" என்றாள். பிறகு ஒரு பர்னரைப் பற்றவைத்தாள். ஏறி நின்ற தண்ணீர் இறங்கியது. இன்னொன்றைப் பற்றவைத்ததும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது.

"அப்படின்னா என்னங்க?"

"மூடி வெச்சிருக்கற வரைக்கும் அழுத்தம் தேங்கி நிக்குதும்மா. திறந்து விட்டா வந்து சேர மாட்டேங்குது. வர்ற வழி எங்கியோ குறுகியிருக்குது."

கூடத்திலிருந்து சென்னியப்பனின் குரல் கேட்டது. "மில்லுல ஸ்டீம் லைன் இப்படிப் பண்ணுச்சுன்னா நாங்க மொதல்ல வால்வைத்தான் பாப்போம். யாரோ பாதி மூடி வெச்சிருப்பான்."

"கரெக்டுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே வான்மதி வெளியே போனாள்.

மீட்டர் வாசல் சுவரில் ஒரு சிறிய பெட்டிக்குள் இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டருக்கு முன்னால் கண்ணாடிக் குழாயைப் பொருத்திச் சோதித்தபோது அழுத்தம் நன்றாக இருந்தது. மீட்டருக்குப் பின்னால் பொருத்தினாள். குறைந்தது. அப்படியானால் வழியை அடைத்துக்கொண்டிருப்பது மீட்டர்தான். கைக்கருவியை அதனோடு இணைத்துப் பார்த்தாள். மீட்டருக்குள் இருக்கும் சின்ன வால்வு பாதிக்கு மேல் மூடியிருந்தது. பழுது ஒன்றும் இல்லை. மூடு என்று உத்தரவு வந்திருந்தது, மூடியிருந்தது. திரையில் 'காப்பு நிலை' என்று இரண்டு சொற்கள் தெரிந்தன.

அவள் தெருவுக்கு வந்து, கோட்ட மேலாளர் குழந்தைவேலுவைக் கூப்பிட்டாள்.

"அதைத் தொடாதம்மா" என்றார் அவர், எடுத்த எடுப்பிலேயே.

"அது என்னன்னு சொல்லுங்க சார் மொதல்ல."

குழந்தைவேலு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். முன்பு வேறோர் ஊரில், ஒரு மாடிக் குடியிருப்பில், வயதான ஒருவர் அடுப்பைத் திறந்துவைத்து மறந்துபோனதில் பெரிய விபத்து நடந்தது. அதற்கப்புறம் வந்த மீட்டர்கள் எல்லாம் அடுப்பு எப்படி இயங்குகிறது என்பதைக் கவனிக்கும்.

"கேஸைத் திறந்துட்டுப் பத்தவெக்காம விடறது, ஒரு வேலையும் இல்லாத நேரத்துல பத்தவெச்சு அப்படியே எரியவிடறது, அணைச்ச சூட்டோட மறுபடி பத்தவெக்கறது. இதெல்லாம் அடிக்கடி நடந்துச்சுன்னா, இந்த வீட்டுல யாருக்கோ மறதிநோய் ஆரம்பிக்குதுன்னு அது முடிவு பண்ணிக்கும். அப்புறம் தீயைப் பெருசா எரிய விடாது. அவ்வளவுதான்."

"அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமா சார்?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு மூளை கலங்குதுன்னு சொல்ல நாம டாக்டரா? சொன்னா, கேஸ் குடுக்கற நம்ம மேலயே கேஸ் போடுவாங்க. லைன்ல பிரஷர் கம்மின்னு சொல்லிட்டு வா. அந்த ரெண்டு பசங்களும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

வான்மதி சிறிது நேரம் தெருவிலேயே நின்றாள். இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அழுத்தம் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது ஓர் இடத்தில் இருக்கும், தேடினால் அகப்பட்டுவிடும். இன்றும் அகப்பட்டுவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வாய் இல்லை.

உள்ளே போய், "லைன்லயே பிரஷர் கம்மியா இருக்குதும்மா. பாக்கறோம்" என்றாள்.

"பக்கத்து ஊட்டுல எரியுதுங்களே?"

"பாக்கறோம்மா" என்றாள் மறுபடியும். துளசிமணி கொடுத்த மோரைக் குடிக்காமலே கிளம்பினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பகல்பொழுதில் துளசிமணி டிபன் கேரியரோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வளாகத்து வேப்பமரத்தடியில் வான்மதியை உட்காரவைத்து, அடுக்கைப் பிரித்து, "ஒரு வாய் தின்னு பாருங்க" என்றாள்.

சோற்றுப்பருக்கை வெளியே குழைந்து உள்ளே அரிசியாக இருந்தது. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நின்றது.

"பாதிப் பேரு நின்னுட்டாங்க. மீதிப் பேரு மொகத்துக்காக வாங்கறாங்க. இத்தனை வருசம் சமைச்ச கை. கைதான் கெட்டுப்போச்சோன்னு இப்பெல்லாம் சந்தேகமா இருக்குது அம்மிணி. அடுப்பு நெசமாலுமே சின்னதா எரியுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா? உங்களுக்கும் அப்படித்தான தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வியை வான்மதியால் தாங்க முடியவில்லை. சோற்றை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மீட்டர் கவனிப்பதை, அது எடுத்த முடிவை, மூடிய வால்வை, தான் சொன்ன பொய்யை.

துளசிமணி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடினாள்.

"யாருக்குன்னு அது சொல்லுங்களா?"

"சொல்லாதும்மா. அதுக்கு ஆள் தெரியாது. அடுப்புதான் தெரியும். வீட்டுல யாரோ ஒருத்தர், அவ்வளவுதான்." பிறகு வான்மதியே தொடர்ந்தாள். "யாரோ ஒருத்தர் என்ன, அடுப்புக்கிட்ட நிக்கறது நீங்கதான?"

துளசிமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா" என்றாள். "வேற யாரு?"

"அந்த மாதிரி மறந்திருக்கீங்களா?"

"மறந்திருப்பேன். பாலை வெச்சுட்டு மறந்திருப்பேன். கேஸைத் திறந்துபோட்டுட்டு லைட்டரைத் தேடிட்டு இருந்திருப்பேன். தை மாசம் அவருக்குக் கண் ஆபரேசன். அடுப்பைப் பத்தவெச்சுட்டு, மருந்து ஊத்தோணும்னு ஓடுவேன். நான் ஒருத்திதான ஊட்டுல எல்லாத்துக்கும்?"

வான்மதிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது போல் இருந்தது.

"அதுதாம்மா! தை மாசம் நீங்க ஓடின ஓட்டத்தை அது நோய்னு நினைச்சிருக்குது. நினைச்சுத் தீயைக் குறைச்சிருக்குது. தீ சின்னதா இருந்தா என்ன ஆகும்? ஜன்னல் காத்துக்கு அணையும். நீங்க மறுபடி பத்தவெப்பீங்க. மறுபடி அணையும். அது ஒவ்வொண்ணையும் எண்ணிட்டு, 'பாத்தீங்களா, மறக்கறாங்க'ன்னு இன்னும் குறைக்கும். நோயை அதுவே உண்டாக்கிட்டு அதுவே கண்டுபிடிக்குது!"

"அப்படீங்களா?" என்றாள் துளசிமணி, மெல்ல.

"நீங்க ஒரு டாக்டர்கிட்ட ஞாபகப் பரிசோதனை மட்டும் பண்ணிட்டு வாங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

துளசிமணி டிபன் கேரியரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனக்குத்தான பண்ணோணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் எழுந்தாள். "பண்றனுங்க. சாப்பாட்டு வேலை ஒண்ணுதான் நான் எனக்குன்னு வெச்சிருக்கறது. அதை உட முடியாது."

மருத்துவர் கேட்ட எல்லாவற்றுக்கும் துளசிமணி பதில் சொன்னாள். அவர் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னாள், படங்களை அடையாளம் காட்டினாள். எந்த வீட்டுக்காரருக்குப் புளி ஆகாது, எந்த வீட்டுப் பெண் வெங்காயம் தொடமாட்டாள் என்று அவர் கேட்காததையும் சொன்னாள். உங்கள் ஞாபகத்தில் பாதி எனக்கு இருந்தால் போதும் என்று அவர் சிரித்தாராம். வான்மதி அவர் எழுதிக் கொடுத்த சான்றோடு தலைமை அலுவலகத்தாரிடம் பேசினாள். காணொளித் திரையில் தெரிந்த ஆறேழு முகங்களுக்கு முன்னால் நின்று, வேப்பமரத்தடியில் சொன்னதையே விளக்கி, நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை என்று முடித்தாள். குழந்தைவேலு பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிவில் அவர்களில் ஒருவர், "இது நம்மை அவமானப்படுத்தக்கூடிய தவறு" என்றார். அன்றைக்கே காப்பு நிலையை விலக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

வான்மதி தானே போய் மீட்டரைத் திறந்துவிட்டாள்.

மூன்று பர்னர்களும் நீலமாகச் சீறி எரிந்தன. துளசிமணி எண்ணெய்ச் சட்டியை வைத்துக் கடுகைப் போட்டாள். அது வெடித்து மேடையெல்லாம் தெறித்தது. அவள் அழுதுவிட்டாள். சென்னியப்பன் வாசற்படியில் வந்து நின்று, "எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது, எரியுது. நீங்க போய் உக்காருங்க" என்று துளசிமணி அவரைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு வான்மதியிடம் கேட்டாள். "இனிமே எப்பவுமே இப்படித்தான் எரியுமா?"

"எப்பவுமே."

"நடுவுல நாம வேணுங்கறப்ப மட்டும் கொறைச்சு வெச்சுக்க முடியாதுங்களா? மத்தியானத்துல, நான் சாப்பாடு குடுக்கப் போயிட்டு வர்ற வரைக்கும்?"

வான்மதி சிரித்தாள். "அதுக்குத்தான் அடுப்புல திருகற நாப் வெச்சிருக்காங்கம்மா."

துளசிமணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வான்மதிக்கு அன்றைக்குச் சந்தோஷச் சிரிப்பாகத்தான் தெரிந்தது.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அவசர அழைப்புப் பிரிவிலிருந்து அந்தத் தெருவின் பெயர் வந்தது. வான்மதி போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். சமையலறை ஜன்னல் திரை கருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. சென்னியப்பனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நடந்ததைப் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பெண். துளசிமணி சாப்பாடு கொடுக்கப் போயிருந்திருக்கிறாள். புகையைப் பார்த்து இவள் ஓடி வந்தபோது, மேடையில் வைத்த துண்டு பற்றி எரிந்துகொண்டிருந்திருக்கிறது, சென்னியப்பனின் சட்டைக் கையும் பற்றியிருக்கிறது.

"அவரு ஓடவும் இல்ல, கத்தவும் இல்லீங்க. அடுப்பையே பாத்துட்டு நின்னாரு. நாபைக் காட்டி, 'இதை என்ன பண்றது?'ன்னு என்னைக் கேட்டாரு. மில்லுல அத்தனை மிசினை ஓட்டுன மனுசனுங்க" என்றாள் அவள்.

மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுக்கு வெளியே துளசிமணி உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பனுக்குக் கைகளிலும் மார்பிலும் காயம், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்கள். வான்மதி எதிரில் வந்து நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"ரெண்டு வருசமா இருக்குதுங்க" என்றாள் துளசிமணி. "டீ வெக்கறேன்னு கேஸைத் திறந்துட்டுப் போய் உக்காந்துக்குவாரு. சட்டி இல்லாமலே பத்தவெச்சுட்டு நிப்பாரு. பழைய கதையெல்லாம் கேட்டா மணிமணியாச் சொல்லுவாரு. காலைல தின்னது தெரியாது. நான் பின்னாலயே நின்னு அணைப்பேன். சங்கத்துக் கூட்டத்துல என்ன பேசோணும்னு காலைலயே சொல்லிக்குடுத்து அனுப்புவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா? பொண்ணு பெங்களூர்ல இருக்கறா. தெரிஞ்சா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருவா. அவ வேலைக்குப் போற புள்ளை, எங்கியாச்சும் கொண்டுபோய்ச் சேத்துடுவா. ஊரே எந்திரிச்சு நிக்கற மனுசனை, பேரு தெரியாதவங்க வந்து கைபுடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறதா? அதுக்குத்தான் பயந்தேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மரத்தடில சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு அம்மிணி. அந்த மிசினு அவரைத்தான் சொல்லுதுன்னு. அந்தச் சின்னத் தீ அப்படியே இருக்கட்டும்னுதான் மொதல்ல தோணுச்சு. அப்புறம் கேரியரைப் பாத்தேன். ரெண்டும் வேணும்னு நெனைச்சுட்டேன். அவரும் ஊட்டுல இருக்கோணும், வேலையும் இருக்கோணும்."

"நான் கேட்டிருக்கணும். வீட்டுல இன்னொருத்தர் இருக்கார்னு தெரியும். அவரைப் பத்தி நான் கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் துளசிமணி. ஆறுதலுக்காகச் சொன்னது போல இல்லை. உண்மையைச் சொல்வது போலத்தான் இருந்தது. அதனால் வான்மதிக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

மகள் வந்தாள். அம்மாவிடம் குரலை உயர்த்தவில்லை, குற்றம் சொல்லவில்லை. காயம் ஆறியதும் அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். துளசிமணி எதற்காகப் பயந்தாளோ அதுவே நடந்தது. பெங்களூரில் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். துளசிமணி மகள் வீட்டில் தங்கி, நாள்தோறும் போய்ப் பார்த்துவந்தாள். ஒருமுறை வான்மதி தொலைபேசியில் கேட்டபோது, "நல்லாத்தான் பாத்துக்கறாங்க. என்னைச் சமையக்காரம்மான்னு நெனைச்சுட்டாரு. சாம்பார் நல்லா இருந்துதுன்னு சொல்லியனுப்பறாரு" என்றாள். அதற்குப் பிறகு வான்மதிக்குக் கூப்பிட மனம் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் குழந்தைவேலு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது.

"எடுத்துக்கோ. உன்னோட வாதத்தை மேல முழுசா ஏத்துக்கிட்டாங்க. நம்ம கோட்டம் பூராவும் காப்பு நிலையை எடுத்தாச்சு. அடுத்து மாநிலம் பூராவும் எடுக்கப்போறாங்க. உன் பேரைச் சொல்லித்தான் பேசினாங்களாம்."

வான்மதி இனிப்பை எடுக்கவில்லை. "எப்ப சார் எடுத்தாங்க?"

"ரெண்டு வாரம் இருக்கும். எல்லா வீட்டுலயும் நல்லா எரியுது. அழுத்தக் குறைவுன்னு ஒரு புகார் வரணுமே!"

"சார், அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். மீட்டர் சொன்னது சரி சார். ஆளைத்தான் நான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அது ஒரு வீடும்மா."

"எத்தனை வீட்டுல அப்படின்னு நமக்கு எப்படித் தெரியும்? மறுபடி போடச் சொல்லுங்க. இந்தத் தடவை அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போடலாம்."

குழந்தைவேலு பெட்டியை மூடினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்குத் தொடாதே என்று சொன்னவரும் அவர்தான். ஆனால் அதை அவர் இப்போது சொல்லிக் காட்டவில்லை.

"நோயைக் கண்டுபிடிக்கறது நம்ம வேலை இல்லைன்னு நீயே அத்தனை பேர் முன்னால பேசியிருக்கற. நல்லாவே பேசின. இப்ப நானே போய் அது தப்புன்னு சொன்னா யாரு கேப்பா? புகார் இல்லாத எடத்துல நாம என்னத்தைச் சரிபண்றது?"

வான்மதி வெளியே வந்தாள். புகார் இல்லாத வீடுகள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். தீ நன்றாக எரிகிறது என்றால், அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றிப் பொறியாளருக்கு நினைக்க ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும், உள்ளே யாரோ ஒருவர் எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்று என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருப்பது போலவே தோன்றியது.

காப்பு நிலையில் இருந்த வீடுகள் எவை என்று அவளுக்குத் தெரியும். விடுப்பு எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவற்றுக்குப் போக ஆரம்பித்தாள்.

முதலில் போனது ஊருக்குக் கிழக்கே ஒரு மாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். விரல்களில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது. தான் எரிவாயு நிறுவனத்தில் வேலை செய்வதாகவும், இன்றைக்கு வேலையாக வரவில்லை என்றும் வான்மதி சொன்னாள்.

"இப்ப நல்லா எரியுதுங்களே. முன்னாலதான் ரொம்ப மோசம்" என்றாள் அந்தப் பெண்.

"உங்க வீட்டுல சமைக்கறது யாருங்க?"

"நான்தான்."

"அடுப்பை வேற யாராவது பத்தவெப்பாங்களா?"

"இல்லீங்க. ஏன் கேக்கறீங்க?" கதவு கொஞ்சம் மூடிக்கொண்டது.

அழுத்தத்தைப் பற்றியும் மீட்டரைப் பற்றியும் பேசினால் இந்தக் கதவு முழுசாக மூடிவிடும் என்று வான்மதிக்குத் தெரிந்தது. "ஒரு வீட்டுல நான் தப்புப் பண்ணிட்டேங்க. அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்" என்றாள். நின்றபடியே சென்னியப்பனைப் பற்றிச் சொன்னாள். துளசிமணி அவர் பின்னாலேயே நின்று அடுப்பை அணைத்ததை, அவரைக் காட்டிக்கொடுக்காமல் தானே ஏற்றுக்கொண்டதை, தான் அதை நம்பியதை, திறந்துவிட்ட தீயை. முடிவில், "உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்க. வீட்டுல யாருக்காவது அப்படி இருந்தா, என்கிட்டச் சொல்ல வேண்டாம். ஒரு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அவரை அடுப்புக்கிட்டத் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

அந்தப் பெண் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல், "யாரு கிரிஜா?" என்று கேட்டது. தெளிவான, சுறுசுறுப்பான குரல். கூடவே ஒரு பிள்ளை ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"மேல் வீட்டுக்கு வந்தவங்க. இங்க கேக்கறாங்க" என்று கிரிஜா உள்ளே பார்த்துச் சொன்னாள்.

வான்மதி தலையசைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். இதற்குமேல் தான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. திரும்பிப் பார்த்தாள். கிரிஜா வெளியே வந்து, சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். மாவு ஒட்டிய விரல்கள் கதவின் கைப்பிடியை விடவில்லை.

"அவருக்கில்லீங்க" என்றாள், அடங்கின குரலில். "எனக்குத்தான். அவருக்கு இன்னும் தெரியாது."